நாற்பத்தைந்து கிராம் புல்

ஆடி 18, சனி

இந்த நோட்டில் புல்லைப் பற்றி மட்டும் எழுதுவேன். வேறு எதற்கும் இதில் இடமில்லை. கார்த்திகையில் இதை நாலு பேர் முன்னால் வைக்க வேண்டியிருப்பதால் வழக்கை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

எங்கள் மேய்ச்சல் காடு பன்னிரண்டு ஏக்கர். கொரங்காடு என்போம். அதில் உழவு கிடையாது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல் மரம். ஒன்பது வருடத்துக்கு முன் என் தங்கை பாவாத்தாள் புருஷன் இறந்து ஊர் திரும்பினாள். சீரெல்லாம் வாங்கிக்கொண்டு போனவள், வக்கீல் நோட்டீஸ் அனுப்பிப் பாதிக் காட்டையும் வாங்கினாள். வாயால் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேட்டிருக்கலாம்.

மேற்குப் பாதி அவளுக்கு, கிழக்குப் பாதி எனக்கு. நடுவில் வேலி. வேலியை ஒட்டி அவள் பக்கத்தில் வரிசையாகப் பதினொரு வெள்வேல். மரம் அவளுடையது. மதியத்துக்கு மேல் அவற்றின் நிழல் விழுவது என் பக்கம். நிழல் விழுகிற இடத்தில் புல் ஏறாது. இதை ஒன்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வேளாண்மை அலுவலகத்துக்கு நான்கு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. ஐந்தாம் வகுப்புப் படித்தவன் எழுதினால் பதில் போடக் கூடாது என்று அங்கே விதி இருக்கும்.

இன்று பால் சொசைட்டி செயலாளர் தெய்வசிகாமணி நடுவில் நின்று ஒரு வழி செய்தான். நிழலில் ஒரு சதுரம், வெயிலில் ஒரு சதுரம், இரண்டும் ஆறடிக்கு ஆறடி. பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஞாயிறன்று, மூன்று விரல் உயரம் விட்டு அறுத்து நிறுக்க வேண்டும். எட்டு நிறுவை. மொத்தத்தில் நிழல் புல் வெயில் புல்லில் பாதிக்குக் குறைவாக வந்தால் அவள் பதினொரு மரத்தையும் வெட்டிவிட வேண்டும். பாதியோ அதற்கு மேலோ வந்தால் நான் ஆயுசுக்கும் இதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது.

பாவாத்தாள் பத்தடி தள்ளித்தான் நின்றிருந்தாள். நாங்கள் பேசி ஒன்பது வருடமாகிவிட்டதால் எல்லாம் தெய்வசிகாமணி வழியாகவே நடந்தது.

“மணி, நோட்டு ஆரு எழுதறதுன்னு கேளு.”

“அண்ணா, நோட்டு ஆரு எழுதறதுன்னு அக்கா கேக்கறாங்க.”

“எனக்குக் காது கேக்குது. நாந்தான் எழுதுவேன்னு சொல்லு.”

“அவரே எழுதட்டும். பொய் பேசறதுக்கு வாய் வரும், எழுதறதுக்குக் கை வராது.”

இதைத் தெய்வசிகாமணி திருப்பிச் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் எழுதி வைக்கிறேன்.

ஆடி 19, ஞாயிறு

முளையடித்துக் கயிறு கட்டியாயிற்று. வெயில் சதுரம் காட்டின் நடுவில். நிழல் சதுரம் வடக்கிலிருந்து மூன்றாவது மரத்துக்கு நேர் கிழக்கே பன்னிரண்டடி தள்ளி. இடம் தேர்ந்தவன் நான். இரண்டையும் மட்டமாக அறுத்துவிட்டு, மாடு வாய் வைக்காதபடி சுற்றிலும் முள் அடைத்தேன். முள் இரண்டு இடத்தில் கையில் ஏறியது. ஒன்றை எடுத்துவிட்டேன்.

ஆடி 22, புதன்

மழை 31 மில்லிமீட்டர்.

என் மழைமானி ஒரு பழைய பிஸ்கட் டின். வாயும் அடியும் ஒரே அகலம். அதில் அளவுகோலை நட்டு வைத்தால் போதும். முப்பத்தொரு வருடக் கணக்கு என்னிடம் இருக்கிறது. தாலுகா அலுவலகத்து மானி எங்கோ ஒரு கட்டிடத்தின் சந்தில் நிற்கிறது. அதற்கு எங்கள் காட்டில் பெய்வது எப்படித் தெரியும்?

ஆவணி 2, ஞாயிறு

முதல் நிறுவை. வெயில் 860 கிராம். நிழல் 210.

தெய்வசிகாமணி சொசைட்டியிலிருந்து மின்தராசு கொண்டுவந்திருந்தான். நிறுக்கும்போது நான் மூச்சு விடக்கூட இல்லை, காற்றில் எண் மாறுகிறது.

“அண்ணா, வித்தியாசம் ரொம்ப எச்சா இருக்குதே. நாலுல ஒரு பங்குகூட வரல,” என்றான்.

“நான் ஒம்பது வருசமாச் சொல்றேன்.”

“அக்காகிட்டப் போய்ச் சொல்லணும்ங்களா?”

“வேலிக்கு அந்தப்பக்கம் ஆடு மேய்க்கற மாதிரி நின்னுட்டுத்தான் இருக்கறா. கேட்டிருக்கும்.”

வேலிக்கு அப்பால் ஓர் ஆடு தும்மியது. 

ஆவணி 6, வியாழன்

மழை 28 மில்லிமீட்டர். காற்று மேற்கு. என் மாடுகளில் மயிலைக்குச் சினை ஏழு மாதம். நன்றாக மேய்கிறது. வெயில் பக்கம் புல் முழங்கால் தட்டுகிறது.

ஆவணி 16, ஞாயிறு

வெயில் 980. நிழல் 230.

நிழலில் புல் நீளமாகத்தான் வருகிறது, ஆனால் தாள் மெலிசு. வெயிலைத் தேடி எட்டிப் பார்ப்பதிலேயே பலம் போய்விடுகிறது. தூரும் குறைவு. வெயிலில் ஒரு தூருக்கு முப்பது தாள் எண்ணினேன், நிழலில் பதினொன்று. இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. உட்கார்ந்து எண்ணினேன்.

இன்று தெய்வசிகாமணி, “மரத்தை வெட்டறதுக்கு அக்காகிட்ட இப்பவே சொல்லி வெக்கட்டுங்களா?” என்றான். ஆறு நிறுவை பாக்கி இருக்கிறது, முடிந்ததும் பார்க்கலாம் என்றேன். முறையென்றால் முறை.

ஆவணி 30, ஞாயிறு

வெயில் 520. நிழல் 220.

மழை பெய்து இருபத்து நாலு நாள் ஆகிறது. இந்த மாதத்தில் இப்படி இடைவெளி விடுவது புதிதல்ல. என் கணக்கில் ஏழு வருடம் இப்படி விட்டிருக்கிறது. புரட்டாசியில் பிடித்துவிடும்.

புரட்டாசி 8, செவ்வாய்

மழை இல்லை. பால் ஊற்றிவிட்டு வரும்போது மூக்குக் கண்ணாடியின் கால் ஒன்று கழன்றது. நூல் கட்டியிருக்கிறேன். தண்ணீர்த் தொட்டியில் பாசி. தேய்த்துக் கழுவினேன். கிளுவை இலை உதிர்க்கத் தொடங்கிவிட்டது. வேலி வழியாக அவள் பக்கம் முழுவதும் தெரிகிறது. நான் பார்ப்பதில்லை. அவளுடைய ஆடு பதினான்கு. ஒன்று நொண்டுகிறது.

புரட்டாசி 13, ஞாயிறு

வெயில் 190. நிழல் 180.

தராசை இரண்டு முறை அணைத்துப் போடச் சொன்னேன். அதே எண்.

“தராசு சரியாத்தானுங்க இருக்குது. காலையில இதுலதான் தீவனம் நிறுத்தேன்,” என்றான் தெய்வசிகாமணி.

தராசு சரியாக இருக்கலாம். மனிதர்கள் சரியாக இருக்க வேண்டும். மழை பெய்து முப்பத்தெட்டு நாள். வெயில் சதுரம் காய்கிறது, நிழல் சதுரம் மட்டும் ஆவணியில் இருந்தது போலவே இருக்கிறது. யாராவது தண்ணீர் ஊற்றாமல் இது எப்படி நடக்கும்? கிணறு இருப்பது அவள் பக்கம். காட்டைப் பிரிக்கச் சீட்டு எடுத்த அன்றே, கிணறு அந்தப் பக்கம் போகக் கூடாது என்று நான் சொன்னேன்.

புரட்டாசி 16, புதன்

மூன்று நாளாக விடிவதற்கு முன்பே போய் வேலியோரம் உட்கார்ந்து பார்க்கிறேன். குடத்தோடு யாரும் வரவில்லை. முதல் இரண்டு நாளும் எறும்புதான் வந்தது. இன்று பொழுது விடிந்ததும் அவள் ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்தாள். என் பக்கம் திரும்பவேயில்லை. நொண்டி ஆட்டிடம் பேசினாள்.

“அங்க பார்றி, கிளுவையில எத்தப் பெரிய ஓணானு. தலையில துண்டெல்லாம் கட்டியிருக்குது. பயப்படாத, கடிக்காது. மொறைக்கும், அவ்வளவுதான்.”

நான் எழுந்துவரவில்லை. எழுந்தால் ஒளிந்திருந்ததாக ஆகிவிடும். அவள் போகும்வரை வேலியில் காய்ந்த குச்சிகளை ஒடித்துக்கொண்டிருந்தேன். அதுவும் செய்ய வேண்டிய வேலைதான்.

தண்ணீர் ஊற்றவில்லை என்பதைக் குறித்துக்கொள்கிறேன். எழுதாவிட்டால் நேர்மையாகாது.

புரட்டாசி 27, ஞாயிறு

வெயில் 60. நிழல் 150.

நிறுவை முடிந்து தெய்வசிகாமணி போன பிறகு கடப்பாரை எடுத்துக்கொண்டு போனேன். சதுரத்தைத் தொடாமல் வெளியில் குத்திப் பார்த்தேன். வெயிலில் நாலு விரலுக்கு மேல் இறங்கவில்லை. மண் பொடியாகத் தெறித்தது. நிழலில் ஒரு சாண் இறங்கியது. அடியிலிருந்து எடுத்த மண்ணைப் பிடித்தால் உருண்டை நிற்கிறது. மதியம் இரண்டு மணிக்கு வெயில் மண்ணில் வெறுங்காலோடு இருபது எண்ணும்வரை நின்றேன். அதற்கு மேல் முடியவில்லை. நிழலில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம்.

காரணம் மண்ணாக இருக்கலாம். வேலியோர மண் வேறு மண்ணாக இருக்கும். மரத்தடியில் ஆடு மாடு படுத்துப் போட்ட எருவும் இருக்கும். நிழல்தான் காரணம் என்று இப்போதே முடிவு கட்டுவது அவசரம்.

மயிலை பகல் முழுவதும் வேலியோரமாகவே மேய்கிறது. அது மாட்டின் பழக்கம். அதற்கும் வழக்குக்கும் சம்பந்தமில்லை.

ஐப்பசி 3, சனி

நேற்றிரவு தூறல். 7 மில்லிமீட்டர். ஐப்பசியில் இந்நேரம் டின் நிரம்பி வழிந்திருக்க வேண்டும்.

மண்தான் காரணம் என்பதை நிரூபிக்க ஒரு யோசனை. காட்டின் நடுவில், வெயில் சதுரத்திலிருந்து இருபதடி தள்ளி, நாலு கம்பு நட்டுச் சோளத்தட்டு பரப்பி ஒரு பந்தல் போட்டேன். ஆறடிக்கு ஆறடி. மண் அதே வெயில் மண். எரு இல்லை, மரம் இல்லை. நிழல் மட்டும் உண்டு. பந்தலுக்கு உள்ளேயும் வெளியேயும் புல் ஒரே மாதிரி காய்ந்துதான் கிடக்கும். அதோடு இந்தப் பேச்சு முடிந்தது.

தட்டு கட்டிக்கொண்டிருக்கும்போது வேலிக்கு அந்தப்பக்கமிருந்து குரல் வந்தது. ஆட்டிடம்தான்.

“நடுக்காட்டுல பந்தலு! ஆருக்குடி கல்யாணம்? நமக்குச் சொல்லவேயில்ல பாரு.”

ஐப்பசி 9, வெள்ளி

மயிலை இன்று காலை ஆறேகால் மணிக்குக் கன்று போட்டது. கிடாரி. பின்னங்கால் ஒன்று மடங்கியிருந்தது. கையை விட்டு நேராக்கி இழுத்தேன். என் தோள்பட்டை போய்விட்டது. கன்று நன்றாயிருக்கிறது. நஞ்சுக்கொடி பத்து மணிக்குத்தான் விழுந்தது.

முதல் சீம்பால் வீட்டில் பிறந்த பெண்ணுக்குப் போக வேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஒன்பது வருடமாக நான் அனுப்புவதில்லை. இன்று கருப்பட்டி போட்டுத் திரட்டினேன். ஒருவனுக்கு அதிகம். ஆறட்டும் என்று தூக்குச்சட்டியில் ஊற்றி வேலியோரக் கல்லின் மேல் வைத்தேன். அங்கே நிழல், சீக்கிரம் ஆறும்.

ஐப்பசி 10, சனி

தூக்குச்சட்டி அதே கல்லின் மேல் கழுவிக் கவிழ்த்திருந்தது. நிமிர்த்தினால் அடியில் ஒரு துணி முடிச்சு, அதில் ஒரு படி கம்பு. வெறும் பாத்திரத்தைத் திருப்பக் கூடாது என்று எங்கள் ஆத்தா சொல்லுவாள். வேண்டாத வேலை.

மயிலை தட்டைத் தொடவில்லை. தவிட்டுத் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. கன்று போட்ட மாடு பச்சை கேட்கும். காட்டில் பச்சை எங்கே இருக்கிறது? வேலியோரம்கூட வேர்வரை கடித்தாயிற்று. முள்ளுக்குள்ளே நிழல் சதுரத்தில் மட்டும்தான் இருக்கிறது.

சாயங்காலம் தட்டு தின்னத் தொடங்கியது. எப்படியோ வாய் திறந்தது.

ஐப்பசி 11, ஞாயிறு

வெயில் 20. நிழல் 120.

நிழல் சதுரத்தின் வடகிழக்கு மூலையில் ஒரு பிடி புல் குறைந்திருந்தது. எலி.

“எலி இப்புடி அருவா வெச்ச மாதிரியா கடிக்கும்?” என்றான் தெய்வசிகாமணி.

வெள்ளெலி கடிக்கும் என்றேன்.

ஐப்பசி 14, புதன்

பந்தலைப் பிரித்துவிட்டேன். தட்டு மாட்டுக்கு வேண்டியிருக்கிறது.

பந்தலுக்கு அடியில் தூரெல்லாம் பச்சை விட்டிருந்தது. நான்கு விரல் உயரம். வெளியே ஒரு தூர்கூடத் துளிர்க்கவில்லை. பெய்தது அதே ஏழு மில்லிமீட்டர்தான். உள்ளே விழுந்தது தங்கியிருக்கிறது, வெளியே விழுந்ததை மறுநாளே வெயில் குடித்திருக்கிறது.

மண் காரணம் இல்லை என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

ஐப்பசி 25, ஞாயிறு

வெயிலில் அறுக்க எதுவும் இல்லை. பூஜ்யம். நிழல் 90.

தெய்வசிகாமணி நோட்டை வாங்கிப் பார்த்தான். “அண்ணா, இப்பக்கி நெழல்ல இருக்கறதுதான் புல்லு. வெயில்ல இருக்கறது வெறும் மண்ணு. இனியும் நிறுக்கணும்ங்களா?”

எட்டு நிறுவை என்று பேசியது எட்டுதான். பங்குனியில் மழை இல்லையென்று மாசியோடு வருடத்தை முடித்துக்கொள்கிறோமா?

அவன் போன பிறகு மூன்றாவது மரத்தடியில் சற்று உட்கார்ந்தேன். வேலிக்கு இந்தப் பக்கம்தான். மரத்தில் பூ முடிந்து பிஞ்சு பிடித்திருக்கிறது. இந்த வறட்சியில் அதற்கு எங்கிருந்து தண்ணீர் கிடைக்கிறதோ. நம்மைக் கேட்டுக்கொண்டா குடிக்கிறது?

கார்த்திகை 9, ஞாயிறு

கடைசி நிறுவை. வெயில் பூஜ்யம். நிழல் 70.

மொத்தம்: வெயில் 2630 கிராம். அதில் பாதி 1315. நிழல் 1270.

பாதிக்கு நாற்பத்தைந்து கிராம் குறைவு. வழக்கு எனக்கு.

தெய்வசிகாமணி மூன்று முறை கூட்டிப் பார்த்தான். பிறகு வேலிக்கு அந்தப்பக்கம் நின்றிருந்தவளிடம் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

“அக்கா, கணக்குப்படி பாத்தா... நாப்பத்தஞ்சு கிராம்தானுங்க. அது ஒரு கணக்கே இல்லீங்க. ஆவணி மழையில வெயில் புல்லு ஏறுனது கணக்குல அப்புடியே நின்னுபோச்சு. அண்ணங்கிட்ட வேணும்னா நான் பேசிப் பாக்கறேன்.”

“எதுக்குப் பேசறது? நாப்பத்தஞ்சு கிராமானாலும் நாப்பத்தஞ்சு மூட்டையானாலும் தோத்தது தோத்ததுதான். வெள்ளிக்கெழமை அறுக்க ஆளு வரும்னு சொல்லிரு.”

“அக்கா, அந்த மரத்துக் காயைப் போட்டுத்தானே கோடையில ஆட்டைக் காப்பாத்தறீங்க...”

“சொன்னேன்ல, மணி.”

 ஜெயித்தவன் என்ன சொல்ல வேண்டும்? ஒன்பது வருடமாக வாயில் வைத்திருந்த பேச்செல்லாம் வந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து கன்றைக் கட்டிவிட்டுப் படுத்தேன்.

கார்த்திகை 11, செவ்வாய்

நிழல் சதுரத்தில் தேவை முடிந்துவிட்டதால் முள்ளைப் பிரித்தேன். அரிவாள் மட்டத்துக்குக் கீழே மீந்திருந்த புல்லை வழித்து ஒரு பிடி சேர்த்தேன். ஒரு பிடி என்பது எவ்வளவு என்று வீட்டுக் கைத்தராசில் வைத்துப் பார்த்தேன். சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

அறுபத்தெட்டு கிராம்.

கார்த்திகை 12, புதன்

என் கை சிறிய கைதான். ஆனாலும் அறுபத்தெட்டு.

கார்த்திகை 13, வியாழன்

கன்றுக்குக் கழிச்சல். வசம்பு உரசிக் கொடுத்தேன். சொசைட்டியில் தெய்வசிகாமணி என் முகத்தைப் பார்க்காமல் பால் அளந்தான். நாளை காலை எட்டு மணிக்கு ஆள் வருகிறார்களாம். மெஷின் ரம்பமாம். பதினொன்றும் மதியத்துக்குள் முடிந்துவிடும் என்று பேசிக்கொண்டார்கள்.

கார்த்திகை 14, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எட்டு மணிக்கு மெஷின் சத்தம் கேட்டது. என் காட்டிலிருந்து அவள் காட்டுக்குப் போக வேலியில் ஒரு படல் உண்டு. ஒன்பது வருடமாகத் திறக்காததால் கிளுவை அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டு உதை உதைத்துத் திறந்தேன். முதல் மரத்தடியில் ரம்பத்தோடு ஓர் ஆள் நின்றான், கயிறு கட்ட இன்னொருவன் மேலே ஏறியிருந்தான். பாவாத்தாள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். தெய்வசிகாமணியும் இருந்தான்.

நான் ரம்பக்காரனிடம்தான் பேசினேன்.

“நிறுத்து. எறங்கச் சொல்லு அவனை.”

“காட்டுக்காரம்மா வெட்டச் சொல்றாங்க, நீங்க நிறுத்தச் சொல்றீங்க. ஆருதுங்க மரம்?”

“மரம் அவளுது. நெழலு என்னுது. நெழலை வெட்டறதுக்கு நான் சம்மதிக்கல.”

பாவாத்தாள் தெய்வசிகாமணியைப் பார்த்தாள். “மணி, ஒம்பது வருசமா வெட்டு வெட்டுன்னு கத்துனது ஆருன்னு கேளு.”

“நிறுவை செல்லாது,” என்றேன். “ஐப்பசி பதினொன்னாந்தேதி நிறுவையில கொறை இருக்குது. நோட்டுலயே எழுதியிருக்கறேன். நெழல் சதுரத்துல எலி வாய் வெச்சிருச்சு. கொறையுள்ள கணக்கை வெச்சு மரத்துல கைவெக்க முடியாது.”

“எந்த எலின்னு கேளு, மணி.”

தெய்வசிகாமணி கேட்கவில்லை. அவனுக்கு இருமல் வந்துவிட்டது.

“மூக்குக் கண்ணாடிக் காலுல நூல் கட்டியிருந்த எலியான்னு கேளு. அருவாளைத் துண்டுல சுத்தி வெச்சுக்கிட்டு, திருட்டு முழி முழிச்சுக்கிட்டு, முள்ளைத் தாண்டி எறங்குன எலியான்னு கேளு. வேலியில எலையே இல்ல, எல்லாந்தான் தெரிஞ்சுது.”

மரத்தின் மேல் இருந்தவன் சிரித்துவிட்டான். நான் அவனைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். அப்போது எனக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம்தான்.

“பாத்தவ அன்னைக்கே சொல்லியிருக்கலாமல்ல? ஒரு பிடி அறுவத்தெட்டு கிராமு. அன்னைக்கே சொல்லியிருந்தீன்னா நீ ஜெயிச்சிருப்பே. மரம் போறவரைக்கும் வாயை மூடிக்கிட்டு நிக்கறே!”

சொல்லி முடித்த பிறகுதான் நேராக அவளிடம் பேசிவிட்டேன் என்பது தெரிந்தது. அவளுக்கும் தெரிந்துவிட்டது. தெய்வசிகாமணிக்குத் தெரிந்து, அவன் மெதுவாக ஆடுகள் பக்கம் நடந்துபோய்விட்டான்.

அவள் கட்டியிருந்த கைகளைப் பிரித்தாள். பிறகு, “கன்னு போட்ட மாடு திங்கற புல்லுக்கு நிறுவை கேக்கறவளாண்ணா நானு?” என்றாள்.

 அப்போது நான் சொன்னது இதுதான்:

“அடுத்த ஆடியில மறுக்கா நிறுக்கணும். நெழல் சதுரம் வேணும்னா நெழல் வேணும், நெழல் வேணும்னா மரம் வேணும். அதுவரைக்கும் ஒரு கெளை ஒடியக் கூடாது. ஒடிஞ்சா உம்மேலதான் கேசு.”

“அடுத்த வருசம் நல்லா மழை பேஞ்சா?”

“பேஞ்சா நான் ஜெயிப்பேன். நீ வெட்டணும்.”

“பேயலீன்னா?”

“அதுக்கு அடுத்த வருசம்.”

“நமக்கு எத்தனை வருசமுண்ணா பாக்கி இருக்குது?”

“நோட்டுல நெறையப் பக்கம் இருக்குது.”

அவள் ரம்பக்காரனிடம், “நீங்க போயிட்டு வாங்க தம்பி, இவரு நிறுத்து முடிச்சதும் சொல்லியனுப்பறேன். உங்க பேரன் காலத்துல வந்தாப் போதும்,” என்றாள். அவர்களுக்கு மோர் கொடுத்து அனுப்பினாள். எனக்கும் ஒரு சொம்பு வந்தது. தெய்வசிகாமணி கையில் கொடுத்தனுப்பினாள். உப்பு தூக்கல். குடித்துவிட்டு வந்தேன்.

படலைத் திரும்பக் கட்டப் பார்த்தேன். உதைத்ததில் கீல்கம்பு முறிந்துவிட்டது. வேறு கம்பு வெட்ட வேண்டும். அதற்கு அவசரமில்லை.

கார்த்திகை 15, சனி

மழை இல்லை. வானத்தில் ஒன்றும் இல்லை. மயிலையையும் கன்றையும் மூன்றாவது மரத்து நிழலில் கட்டினேன்.

இந்த நோட்டில் இரண்டு திருத்தங்கள்.

ஒன்று: ஐப்பசி 11 குறிப்பில் எலி என்று எழுதியிருப்பது தவறு. எலி அல்ல, நான். ஐப்பசி பத்தாம் தேதி பிற்பகல், ஒரு பிடி. ஆகவே நிழல் புல்லின் மொத்தம் 1338 கிராம். பாதிக்கு இருபத்து மூன்று கிராம் அதிகம்.

இரண்டு: நிழல் விழுகிற இடத்தில் புல் ஏறாது என்று ஆடி 18 அன்று எழுதியதை, மழை நன்றாகப் பெய்கிற காலத்தில் ஏறாது என்று வாசிக்க வேண்டும். மழை நன்றாகப் பெய்கிற காலத்தில் ஏறாது. ஆவணி நிறுவைகளே சாட்சி. அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை, யார் வந்து கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.